தோட்டப் பாடசாலைக்கு வந்த சமூக நீதிப் பெட்டி: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்கென்று தொண்டு நிறுவனம் ஒன்று, சமூக நீதியும், எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்ளும் உட்படுத்தல் கல்வியும் பற்றிய இரண்டு நாள் ஆசிரியர் பயிற்சியையும் அதனோடு சேர்ந்த கற்பித்தல் பெட்டி ஒன்றையும் வழங்கி வருகிறது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. பெட்டியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம். பயிற்சிக்கு வராதவர்களும் வாங்கலாம். நான் பயிற்சியில் கலந்துகொண்டபின், பெட்டியிலுள்ள அட்டைகளில் பெரும்பாலானவற்றை எங்கள் பாடசாலையின் தரம் 7, தரம் 8 வகுப்புகளில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று பக்கத்துத் தோட்டங்களின் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பதால், என் கருத்தை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் செயலட்டைகளும் ஓர் ஆசிரியர் கைநூலும் சுவரில் மாட்டத்தக்க பெரிய வரைபடம் ஒன்றும் ஒலிப்பதிவுகளுக்கான இணைப்பும் இருக்கின்றன. தரம் 6 முதல் 9 வரையுள்ள குடியுரிமைக் கல்வி, வரலாறு, தமிழ் ஆகிய பாடங்களில் எந்த அலகோடு எந்த அட்டையைச் சேர்த்துக் கற்பிக்கலாம் என்பதைக் கைநூலின் முற்பகுதி காட்டுகிறது. பாடத்திட்டத்தை முடிப்பதற்கே நேரம் போதாமல் தவிக்கும் ஆசிரியருக்கு இந்த அட்டவணைதான் முதல் உதவி. சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையைக் கல்வி அமைச்சு 2008இலேயே வெளியிட்டுவிட்டது. ஆயினும் அந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை முதலாம் பாடவேளையில் என்ன செய்வது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அந்த இடைவெளியை நிரப்புவதே இந்தப் பெட்டியின் நோக்கம். சில இடங்களில் அதை மிக நன்றாகவும், சில இடங்களில் எங்கள் பிள்ளைகளை அறியாதவர்கள் செய்வதைப் போலவும் செய்திருக்கிறது.

நன்றாகச் செய்திருப்பதிலிருந்து தொடங்குகிறேன். "உங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் எப்படி வந்து சேர்கிறது?" என்ற ஒரே கேள்வியை மையமாகக் கொண்ட அட்டை ஒன்று இருக்கிறது. மாணவர் தபாலகத்திலிருந்து தம் வீட்டு வாசல் வரை கடிதம் வரும் வழியைப் படமாக வரைய வேண்டும். கடைவீதியில் வசிக்கும் பிள்ளையின் படத்தில் தபாற்காரர், வீதி, வீட்டு இலக்கம் என்று வழி நேராகப் போகிறது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வசிக்கும் பிள்ளையின் படத்திலோ தபாலகம், தோட்ட அலுவலகம், அங்கே ஒரு மேசை, அதற்குப் பிறகு யாராவது ஒருவருடைய கை, அதற்கும் பிறகு லயம் என்று கடிதம் பல இடங்களில் நின்று நின்று வருகிறது. வீட்டுக்கென்று ஓர் இலக்கம் அந்தப் படத்தில் எங்குமே இல்லை. இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டிவிட்டு, "எந்த இடத்தில் கடிதம் தங்கிவிடக்கூடும்?" என்று மட்டும் ஆசிரியர் கேட்க வேண்டும் என்கிறது கைநூல். விளக்கவுரை எதையும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை பொருத்தமானது. என் வகுப்பில் ஒரு பிள்ளை, தன் அண்ணனுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்த பிறகுதான் கையில் கிடைத்தது என்றாள். இன்னொருவன், "வீட்டுக்கு நம்பரே இல்லன்னா நாங்க எங்க இருக்கோம்னு அரசாங்கத்துக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டான். சமூக நீதி என்ற சொல் அதுவரை கரும்பலகையில் எழுதப்படவே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் வரலாறு வகுப்பறைக்குள் வருகிறது. கைநூலின் வலிமையான பகுதியும் இதுவே. 1947இன் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவராக்கப்பட்டதும், அதற்கு மறுவருடமே வாக்குரிமையும் பறிபோனதும், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் இரண்டு அரசுகள் மக்களைப் பங்கிட்டுக்கொண்டதும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய தீர்மானம் 1974 வரை தள்ளிப்போனதும், குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இந்தக் கதை முடியாமல் நீண்டதும் ஒரு பக்கக் காலக்கோடாகத் தரப்பட்டுள்ளன. தரம் 8 மாணவருக்கு இது அதிகம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் தாத்தாவோ பாட்டியோ சொன்ன, இந்தியாவிலிருந்து "கண்டிக்கு வந்த கதை"யையும், உறவினர் கப்பலேறி இந்தியாவுக்குப் போன கதையையும் வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுகள் வெறும் பரீட்சைத் தகவல்களாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே தெரிந்த கதைக்குத் திகதி கிடைத்ததைப் போல ஏற்றுக்கொண்டார்கள்.

காலக்கோட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகள் பற்றிய சிறு குறிப்பு ஒன்றையும் கைநூல் சேர்த்திருப்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், தோட்டப் பகுதிகளுக்குள் வீதி முதலிய வசதிகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்த ஏற்பாடு 2018இல்தான் திருத்தப்பட்டது. வாக்களிப்பவர் தோட்டத்தில் இருக்கிறார், உறுப்பினரும் தோட்டத்தில் இருக்கிறார், ஆனால் தோட்டத்துப் பாதைக்குச் சபை கல் போட முடியாது என்ற நிலை ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்தது என்பதை அறிந்தபோது, குடியுரிமைக் கல்விப் புத்தகத்தில் உள்ளூராட்சி என்ற அலகை மாணவர் வேறு கண்ணோடு படித்தனர். அந்த அலகின் இறுதியில் பிரதேச சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதும் பயிற்சி உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக இருப்பதால், தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை தமக்கு உண்டு என்பதையும் பிள்ளைகள் அப்போதே தெரிந்துகொள்கிறார்கள்.

இவ்வளவு நுட்பமாக ஒரு பாடத்தை அமைத்தவர்களே, அடுத்த சில அட்டைகள் தாண்டி "ஓரடி முன்னே" என்ற விளையாட்டையும் சேர்த்திருப்பது வியப்பாக இருக்கிறது. மாணவர் அனைவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வீட்டில் படிப்பதற்குத் தனி அறை உள்ளவர் ஓரடி முன்னே வர வேண்டும். பெற்றோரில் ஒருவர் பல்கலைக்கழகம் சென்றிருந்தால் இன்னும் ஓரடி. வீட்டுக்குள் கழிப்பறை இருந்தால் இன்னும் ஓரடி. இறுதியில் யார் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்துச் சமத்துவமின்மையை உணர வேண்டுமாம். பல நாடுகளில் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்தப்படும் இந்த விளையாட்டு எங்கள் வகுப்பறையில் இரண்டு விதமாகத் தோற்கிறது. பிள்ளைகள் எல்லோரும் லயத்திலிருந்தே வரும் தோட்டப் பாடசாலையில் யாருமே நகர மாட்டார்கள். பாடம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கடை முதலாளியின் பிள்ளையும் ஆசிரியரின் பிள்ளையும் கொழுந்து பறிப்பவரின் பிள்ளையும் ஒன்றாகப் படிக்கும் நகரப் பாடசாலையிலோ, சுவரோரமாக மிஞ்சி நிற்கப்போவது யார் என்பது விளையாட்டு தொடங்குமுன்பே எல்லோருக்கும் தெரியும். வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு படிப்பினை கிடைக்கலாம். அதற்கான விலையை அந்த வசதி இல்லாத பிள்ளை சகமாணவர் முன்னிலையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நீதியைக் கற்பிக்கும் பாடத்தில் இப்படி ஒரு கணக்கு இருக்கலாமா என்பதே இந்தப் பெட்டியைப் பற்றி எனக்குள்ள முதன்மையான ஆட்சேபம்.

பயிற்சியின்போது இதே விளையாட்டை ஆசிரியர்களாகிய எங்களை வைத்தே நடத்தினார்கள். லயத்தில் பிறந்து, பத்தனைக் கல்வியியல் கல்லூரியில் பயின்று ஆசிரியரானவர்கள் சுவரோரத்தில் நின்றார்கள். நகரத்திலிருந்து வந்தவர்கள் மண்டபத்தின் நடுவில் நின்றார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பயிற்சியை நடத்திய வளவாளர் அந்த மௌனத்தை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொண்டு பாராட்டினார். தேநீர் இடைவேளையில் சுவரோரத்து ஆசிரியர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். (தேயிலை மலைகளின் நடுவே இருக்கும் மண்டபத்தில் அவ்வளவு மட்டமான தூளில் தேநீர் போட்டதும் ஒருவகையில் சமூக நீதிப் பிரச்சினைதான், நல்ல தேயிலை ஏற்றுமதிக்கு, தூசு நமக்கு.)

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஐரோப்பிய மன்றத்தின் மனித உரிமைக் கல்விக் கையேட்டில் இதே விளையாட்டு வேறு வடிவில் இருக்கிறது: மாணவர் தம்முடைய சொந்த வாழ்க்கையை வெளிக்காட்டாமல், தமக்குக் கொடுக்கப்பட்ட துண்டில் உள்ள ஒரு பாத்திரமாக நின்று அடியெடுத்து வைக்கிறார்கள். நான் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டு எங்கள் சூழலுக்கேற்ற பாத்திரங்களை எழுதிக்கொண்டேன். தோட்டத் துரையின் மகள், கவ்வாத்து வெட்டுபவரின் மகன், பிள்ளைக் காம்பரா எனும் தோட்டக் குழந்தைகள் காப்பகத்து ஆயாவின் பேத்தி, பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் மரக்கறித் தோட்டம் செய்பவரின் மகன், கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், காது கேளாத மாணவன், கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமி. கடைசித் துண்டு கிடைத்த மாணவன் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை; ஏன் என்று கேட்டபோது அவன் சொன்ன காரணங்களிலிருந்தே, வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டதையும், 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதையும் பேச முடிந்தது. யாருடைய வீட்டுக் கழிப்பறையைப் பற்றியும் யாரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பேச்சுத் தமிழ் பற்றிய ஒலிப்பதிவுகள் பெட்டியின் மற்றொரு சிறப்பு. மலையகம், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களின் பேச்சும் முஸ்லிம்களின் பேச்சும் ஒரே நிகழ்ச்சியை விவரிக்கும் குரல்களாகப் பதிவாகியுள்ளன. தோட்டத்துப் பிள்ளை வகுப்பில் வாய் திறந்தவுடன் "இது என்ன தமிழ்?" என்று சிரிக்கும் ஆசிரியர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிள்ளையின் பேச்சைத் திருத்துவதற்கும் எழுத்துத் தமிழைக் கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, ஆசிரியரைக் குற்றஞ்சாட்டாமல் இந்த ஒலிப்பதிவுகள் உணர்த்திவிடுகின்றன.

பண்டிகை அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொங்கல், வெசாக், நோன்புப் பெருநாள், நத்தார் என்று நான்கும் வண்ணப் படங்களோடு உள்ளன. பன்மைப் பண்பாட்டுக் கல்வியை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியியலாளர் ஜேம்ஸ் பேங்க்ஸ், பாடத்திட்டத்தில் பன்மையைச் சேர்க்கும் முறைகளை நான்கு படிகளாகப் பிரித்து, பண்டிகைகளையும் பெரியோர்களையும் இடைக்கிடையே கொண்டாடுவதை முதற்படியாகவும், மாணவர் ஒரு பிரச்சினையை ஆராய்ந்து அதன்மீது செயற்படுவதை நான்காவது படியாகவும் வைக்கிறார். கடித அட்டை நான்காவது படிக்கே போய்விடுகிறது. பண்டிகை அட்டைகள் முதற்படியைத் தாண்டவில்லை. அவற்றை நான் பயன்படுத்துவதில்லை; எந்தப் பாடசாலையிலும் இவை ஏற்கெனவே காலைக் கூட்டத்தில் நடப்பவைதாம்.

இயலாமையுள்ள பிள்ளைகள் பற்றிய அட்டைகள் ஏமாற்றமளிக்கின்றன. சாய்தளமும் மின்தூக்கியும் உள்ள ஒரு கட்டடத்தின் படம், அதன் முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு சிறுவன். "இவனும் நம்மில் ஒருவன்" என்ற வாசகம். எங்கள் பாடசாலைக்கு வர லயத்திலிருந்து செங்குத்தான படிகளை ஏறி, மழைக்காலத்தில் வழுக்கும் குறுக்குப் பாதையைக் கடந்து வர வேண்டும். சக்கர நாற்காலி வாசல் வரை வருவதற்கே வழியில்லாத இடத்தில் சாய்தளத்தின் படம் என்ன கேள்வியை எழுப்பும்? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்ததையும் கைநூல் குறிப்பிடுகிறது; ஆனால் கண்பார்வை மங்கியதால் கரும்பலகை தெரியாமல் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளையையோ, ஒரு காது கேளாததால் "கவனமில்லாதவன்" என்று பெயரெடுத்த பிள்ளையையோ எப்படிக் கண்டறிவது என்று ஒரு வரி கூட இல்லை. எங்கள் வகுப்புகளில் அதிகமாகக் கண்ணில் படுவது இவர்களே.

கைநூலின் பின்னிணைப்பாக ஆசிரியருக்கான ஒரு பக்கச் சுயமதிப்பீடு இருக்கிறது. வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கச் சொல்வது யாரிடம்? தண்ணீர் கொண்டுவரச் சொல்வது யாரிடம்? உரக்க வாசிக்கச் சொல்வது யாரை? வகுப்புத் தலைவர் எந்த வரிசையிலிருந்து வருகிறார்? விருந்தினர் வரும்போது மாலை போட யாரை அழைக்கிறோம்? பிரம்பை எடுக்கும்போது முதலில் யாரைப் பார்க்கிறோம்? (உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை இந்த இடத்தில் நினைவூட்டியிருப்பது நல்லது; அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்களைப் போல நடந்துகொள்பவர்கள் இன்னும் உண்டு.) மாணவருக்கான அட்டைகள் அனைத்தையும்விட இந்தப் பக்கத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். நீதியைப் பற்றிய பாடத்தைப் பிள்ளைகள் வாரத்தில் ஒரு பாடவேளை கேட்கிறார்கள். ஆசிரியர் யாரைக் கூட்டச் சொல்கிறார் என்பதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்தப் பக்கம் சாதிக்கு மிக அருகில் வந்து நின்றுவிடுகிறது. கூட்டுவது யார், குடத்தைத் தொடுவது யார் என்ற கேள்விகளை எங்கள் தோட்டங்களில் கேட்டால் விடை பெரும்பாலும் எங்கே போய் நிற்கும் என்பது தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். தொழிலாளர் தலைவர்களான கங்காணிகள் வழியாக ஆள்பிடித்த கங்காணி முறையில் உறவும் சாதியும் சார்ந்த குழுக்களாகவே ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். லயங்களும் பல இடங்களில் அந்த ஒழுங்கிலேயே பிரிக்கப்பட்டன. இன்றும் திருமணம், கோயில் திருவிழா என்று வரும்போது அந்தக் கோடுகள் தெரிகின்றன. வகுப்பறை வாங்குகளிலும் சில நேரம் தெரிகின்றன. இனத்துக்கும் மொழிக்கும் மதத்துக்கும் பாலுக்கும் இயலாமைக்கும் அட்டைகள் வைத்திருப்பவர்கள் சாதிக்கு ஓர் அட்டையும் வைக்கவில்லை. பயிற்சியில் இதைக் கேட்டபோது, அது உணர்வுபூர்வமான விடயம் என்றும் பெற்றோரின் எதிர்ப்பு வரக்கூடும் என்றும் பதில் கிடைத்தது. அச்சம் புரிகிறது, ஆனால் ஆசிரியருக்குப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பாரபட்சம் கூடாதென்று சொல்லும் காரணங்களில் சாதியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவருக்குச் சமூகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. பிறர் எங்களுக்குச் செய்த அநீதிகளை மட்டும் கற்பித்துவிட்டு, நாங்கள் எங்களுக்குள் செய்துகொள்வதைப் பற்றி வாய் மூடியிருந்தால், கூர்மையான பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

நடைமுறை விடயங்கள் சில. அட்டைகள் பிளாஸ்டிக் உறையிடப்பட்டவை என்பதால் எங்கள் பனியையும் ஈரத்தையும் தாங்குகின்றன. எழுத்து சிறியது; நான்கு பேருக்கு ஓர் அட்டை என்றால் இருவரே வாசிக்க முடியும். ஒவ்வொரு செயலும் 40 நிமிடப் பாடவேளைக்குள் முடியும் என்று கைநூல் சொல்வதை நம்ப வேண்டாம். கடித அட்டைக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் இல்லாமல் தொடங்காதீர்கள். தரம் 9இன் இறுதியில் பிள்ளைகளின் கவனம் சாதாரண தரப் பாடங்களின் பக்கம் திரும்பிவிடுவதால், தரம் 7உம் 8உம் இதற்கு ஏற்ற வகுப்புகள். வளவாளர்களில் தோட்டத்திலிருந்தே வந்த ஒருவர் இருந்தார். அவர் நடத்திய அமர்வுகளும் மற்றவர்கள் நடத்திய அமர்வுகளும் தரத்தில் வெகுதூரம் வேறுபட்டன. உங்கள் வலயத்துக்குப் பயிற்சி வருகிறது என்றால், யார் நடத்துகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன். கடித அட்டை, காலக்கோடு, ஒலிப்பதிவுகள், ஆசிரியரின் சுயமதிப்பீட்டுப் பக்கம் ஆகிய நான்குக்காகவே கொடுக்கும் பணம் தகும். "ஓரடி முன்னே" அட்டையை நான் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாத்திரத் துண்டுகளை வைத்தே சக ஆசிரியர்களுக்குக் கொடுக்கிறேன். துண்டுகள் வேண்டுவோர் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பெட்டியைக் கோரும்போது ஒலிப்பதிவுகளைப் பென் டிரைவ் ஒன்றில் தரும்படி தவறாமல் கேளுங்கள். கேட்டால் மேலதிகக் கட்டணமின்றித் தருகிறார்கள். கேட்காவிட்டால் இணைய இணைப்பை மட்டுமே தருவார்கள், அதைத் திறப்பதற்குத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வகுப்பையே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.